மூணரை வயசு பையன் சாப்பாட்டை சிந்திட்டே இருக்கான், எப்படி பழக்கறது?

கோவைக்கிளி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பையனுக்கு மூணரை வயசு ஆச்சு, ஜூன்ல எல்கேஜி சேர்க்கறோம். இத்தனை நாளா நான்தான் ஊட்டி விட்டேன், இப்ப ஸ்கூல்ல அவனேதான் சாப்பிடணும்னு சொல்லிட்டாங்க, சரின்னு தட்டுல போட்டு கையில விட்டா பாதி வாய்க்கு பாதி தரைக்கு. ரசம் சாதம்னா முழங்கை வரைக்கும் வழியுது, கையை சட்டையிலேயே தொடைச்சுக்கறான், கொஞ்ச நேரத்துல தட்டை கவுத்து தாளம் போட ஆரம்பிச்சுடறான். எங்க அத்தை “நீயே ஊட்டிடு கண்ணு, கொழந்தைய ஏன் படுத்தற”ன்னு சொல்றாங்க, வீட்டுக்காரர் ஸ்பூன் குடுன்றாரு, ஸ்பூன்ல எடுத்தா வாய்க்கு போறதுக்குள்ள கவுந்துருதுங்க. திட்டினா சாப்பாடே வேண்டாம்னு எந்திரிச்சு போயிடறான். எப்படிங்க பழக்கினீங்க?

மல்லிப்பூ மதுரை:
தங்கச்சி, மொதல்ல சாதத்தோட பதத்தை பாருங்க. ஊட்டுறப்ப தளதளன்னு தளர பிசைவோம், வழுக்கிட்டு உள்ள போகணும்னு. அதே பதத்தை அவன் கையில குடுத்தா வெரலுக்கு நடுவுல ஒழுகத்தான் செய்யும், பெரியவங்களே ரசத்துக்கு தட்டை சாய்ச்சுத்தானே சாப்பிடுறோம். கொஞ்ச நாளைக்கு ரசம், மோர் சாதமெல்லாம் நீங்களே ஊட்டுங்க. அவனுக்கு பருப்பு நெய் சாதம் சூட்டோட மசிச்சு, கெட்டி தயிர்ல பிசைஞ்ச சாதம், வெண்பொங்கல், இட்லிய பிட்டுப் போட்டு ஓரமா கெட்டி சட்னி, இந்த மாதிரி உருட்டுனா நிக்கிறதா குடுங்க. புட்டு, உதிரி உப்புமா இப்ப வேணாம், அது எந்தப் புள்ள சாப்பிட்டாலும் சிந்தும்.

அப்புறம் கை. சின்னப் புள்ளைங்க உள்ளங்கை நெறைய அள்ளி கையோட வாயில அப்பும், அங்கதான் பாதி சிந்துது. நாலு வெரல் நுனியால சின்னதா ஒரு உருண்டை சேர்க்கணும், வாய்கிட்ட கொண்டு போயி கட்டைவெரலால உள்ள தள்ளணும். அந்த கட்டைவெரல் தள்ளுறதை யாரும் சொல்லிக் குடுக்கிறதே இல்ல! எதிர்ல உக்காராம பக்கத்துல ஒரே பக்கமா உக்காந்து உங்க தட்டுல மெதுவா செஞ்சு காமிங்க, எதிர்ல இருந்தா அவனுக்கு கை மாறித் தெரியும். நல்லா பசியில இருக்கிறப்ப மொத நாலஞ்சு வாய் அவன் சாப்பிடட்டும், மிச்சத்தை நீங்க ஊட்டுங்க. உங்க அத்தைக்கும் மனசு ஆறும், அவனுக்கும் வயிறு நெறையும்.

அங்கன்வாடி டீச்சர்:
நான் அங்கன்வாடியில வேலை பாக்கறேன்மா, தினமும் ரெண்டு வயசுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளைங்க வரிசையா உக்காந்து கலவை சாதமும் முட்டையும் சாப்பிடறதை பாக்கறவ. சோபாவுலயோ சேர்லயோ கால் தொங்க உக்காந்தா உடம்பு ஆடும், கை நிக்காது. தரையில சம்மணம் போட்டு, தட்டை ஒரு சின்ன மணை மேல வைங்க, தட்டுக்கும் வாய்க்கும் தூரம் குறைஞ்சாலே சிந்தறது குறையும். தட்டையான தட்டு வேணாம், விளிம்பு உயர்ந்த கனமான எவர்சில்வர் தட்டு, அது சீக்கிரம் கவிழாது. ஒரே தடவையில குவிச்சு போடாதீங்க, ரெண்டு மூணு வாய் அளவு போட்டு முடிச்சதும் மறுபடி போடுங்க.

தாளம் போடறது வயிறு நிறைஞ்சதுக்கான அடையாளம்மா. “போதுமா கண்ணா”ன்னு கேட்டுட்டு தட்டை எடுத்துடுங்க, கோபமெல்லாம் வேணாம், சும்மா எடுத்தா போதும்.

ஸ்பூன் தப்பில்ல, ஆனா கீழ கிடக்கற பருக்கையை ரெண்டு விரலால பொறுக்கறது 9, 10 மாசத்துலயே வந்துடும், மணிக்கட்டை திருப்பி ஸ்பூனை கவுக்காம கொண்டு போறது அதுக்கு ரொம்ப பின்னாடிதான் வரும். காபி கலக்கற நீள ஸ்பூன் குடுக்காதீங்க, பிடி குட்டையா தடிமனா, குழி ஆழமா இருக்கறதா வாங்குங்க.

ரெட்டைவால் அப்பா:
மேல சொன்னது எல்லாமே கரெக்ட். ஒண்ணே ஒண்ணு, போன் ஓடினா எதுவும் நடக்காது, கண்ணு திரையில இருந்தா கை எங்க போகுதுன்னு அதுக்கு எப்படி தெரியும். எங்க வீட்ல பழைய வேட்டி ஒண்ணை கீழ விரிச்சு, பக்கத்துல ஈரத் துணி வச்சிருப்போம், முடிச்சதும் பொண்ணே வாய், கை, கீழ சிந்தினது எல்லாம் தொடைப்பா. சிந்தினா நாமதான் எடுக்கணும்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் அவளே தட்டு மேல குனிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சா. அப்புறம் இடது கையில எடுத்தா கையை தட்டி விடாதீங்க ப்ளீஸ், எந்தக் கைன்னு நிலையாகவே சில பிள்ளைங்களுக்கு நாலு அஞ்சு வயசு ஆகும்.

கோவைக்கிளி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்! இன்னைக்கு பொங்கல் குடுத்து பக்கத்துல உக்காந்து கட்டைவிரல்ல தள்ளி காமிச்சேனுங்க, நாலு வாய் சுத்தமா சாப்பிட்டான், அஞ்சாவது வாய் மூக்குல. ஸ்கூலுக்கு டப்பாவுல என்னங்க குடுத்து விடலாம்?

அங்கன்வாடி டீச்சர்:
குட்டி இட்லி, சப்பாத்தியை சின்னதா சுருட்டி நறுக்கினது, தோசையை துண்டு போட்டது, இதுல ஆரம்பிங்க. ஸ்கூலுக்கு வாங்கற அதே டப்பாவை இப்பவே வீட்ல குடுத்து மூடியை திறக்கப் பழக்குங்க. நிறைய பிள்ளைங்க மூடியை பலமா இழுக்கறப்பதான் மொத்தமா கொட்டிடுது, டப்பாவை தரையில வச்சு ஒரு கையால அமுக்கிட்டு திறக்க சொல்லிக் குடுங்கம்மா.