கன்னிப் பெட்டியை ஆற்றில் விடச் சொல்ல இவர் யார்?

பெட்டிக்காரி:
நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. வீட்டை விற்கும்போது வீட்டுத் தெய்வத்தை என்ன செய்வது என்று ஒருவர் விளக்குகிறார். "கன்னிப் பெட்டியை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுங்கள். கன்னி மூலையில் ஒரு விளக்கேற்றிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். கன்னி அந்த மூலைக்குச் சொந்தம், வாங்குகிறவர்களோடு இருந்துகொள்வாள்" என்கிறார். கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

கல்யாணம் ஆகாமல் இறந்து வீட்டுத் தெய்வமான பெண்ணைத்தான் கன்னி என்று கும்பிடுகிறோம். எங்கள் வீட்டுக் கன்னி என் அப்பாவின் அக்கா. 11 வயதில் காய்ச்சலில் போனவர். பனையோலைப் பெட்டியில் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு எல்லாம் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை புதுத்துணி வைத்துக் கும்பிட்டு, பழையதை வீட்டில் இருக்கிற சின்னப் பெண்ணுக்கு உடுத்திவிடுவார்கள். நானும் உடுத்தியிருக்கிறேன். அத்தையின் பாவாடையைத் தண்ணீரில் விடு என்கிறாரே, அவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் விடுவாரா?

வரும் தையில் நாங்கள் வீட்டைக் காலி செய்கிறோம். பெட்டியை எடுத்துப் போனவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். செய்தவர்கள் மட்டும்.

கரிசல்மண்:
தண்ணீரில் விடச் சொன்னது தப்பு தங்கச்சி. ஆனால் மூலை விஷயத்தில் அவர் சொன்னது சரி. கன்னி இருக்கிற இடம் என்பதால்தான் அதற்குக் கன்னி மூலை என்று பேர். எங்கள் பக்கம் தென்மேற்கு மூலையில்தான் பெட்டி தொங்கும். அதனால் பெட்டியை இறக்கும் முன்னால் அந்த மூலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைத்து, "எங்களோடு வா தாயி" என்று சொல்லி, மூலையில் ஒரு பிடி மண் எடுத்துக்கொள்ளுங்கள். மண் இல்லாமல் பெட்டி மட்டும் போனால் வெறும் பெட்டிதான் போகும்.

மேலவாசல்:
மறுபடியும் அதே பிழை. கன்னி மூலைக்கும் கன்னித் தெய்வத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ராசியின் பெயர். நம் ஊர் ஜாதகக் கட்டத்தை எடுத்து, மேல் பக்கத்தைக் கிழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது மேல் மூலையில் மீனம், அது வடகிழக்கு. வலது மேல் மூலையில் மிதுனம், அது தென்கிழக்கு. வலது கீழ் மூலையில் கன்னி, அது தென்மேற்கு. அவ்வளவுதான் விஷயம். செத்துப்போன பெண் குழந்தைக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

கரிசல்மண்:
எங்கள் பாட்டி ஜாதகக் கட்டமே பார்த்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கன்னி மூலை என்றுதான் சொன்னார், பெட்டியை அங்கேதான் கட்டினார். கட்டம் போடத் தெரிந்தவர்கள் வந்துதான் எங்கள் சாமிக்கு இடம் சொல்ல வேண்டுமா?

மேலவாசல்:
பாட்டி சொன்னார் என்பது விளக்கம் ஆகாது. பாட்டிக்குச் சொல் வந்த வழி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கட்டத்தின் வலது கீழ் மூலை கன்னி. சிவன் கோயில்களில் தென்மேற்கு மூலையில் யார் இருக்கிறார்? பிள்ளையார். கன்னிமூலைக் கணபதி என்றே அவருக்குப் பெயர். மூலை கன்னித் தெய்வத்துக்குச் சொந்தம் என்றால் பிள்ளையார் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார், சொல்லுங்கள்.

கரிசல்மண்:
பிள்ளையாரும் கல்யாணம் ஆகாதவர்தானே.

பாலாற்றங்கரை:
எங்கள் பக்கம் பெட்டியும் கிடையாது, மூலையும் கிடையாது. பூவாடைக்காரி. பூவும் மஞ்சளுமாகச் சுமங்கலியாகப் போனவர்களைத்தான் வீட்டில் கும்பிடுவோம். கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீர்க்கரைக்குப் போய்க் கரகம் ஜோடித்து, கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வருவோம். புடவை வைத்துப் படைப்போம். வீடு எங்கே மாறினாலும் அங்கிருந்து பக்கத்துத் தண்ணீருக்குப் போய்க் கூப்பிட்டால் வந்துவிடுவாள். தண்ணீரில் விடுவது பாவம் என்று சொல்கிறீர்கள், எங்களுக்குத் தண்ணீரிலிருந்துதான் அவள் வருகிறாள்.

மேலவாசல்:
பூவாடைக்காரி வேறு, கன்னி வேறு. அவர் சுமங்கலி, இவர் மணமாகாதவர். இரண்டையும் குழப்பினால் இந்த உரையாடல் திரி எங்கேயோ போய்விடும். பேச்சு கன்னி மூலை பற்றியது.

பாலாற்றங்கரை:
பேச்சு வீடு காலி செய்வது பற்றியது. மேலே போய் அந்தப் பெண் என்ன கேட்டிருக்கிறார் என்று படித்துவிட்டு வாருங்கள். வடக்கே இருக்கிறவன் வாயைத் திறந்தால் மட்டும் உங்களுக்குத் திரி திசை மாறிவிடுகிறது. போன வருடம் நிலைவாசல் திரியிலும் இதையேதான் செய்தீர்கள்.

மேலவாசல்:
நிலைவாசல் திரியில் நான் சொன்னதுதான் சரி. அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

ஏட்டுச்சுவடி:
வீட்டில் தெய்வம் இருக்கிறது என்ற எண்ணம் கட்டத்தையும் வாஸ்துவையும் கேட்டு வந்ததல்ல. அகநானூற்றின் 282-ஆம் பாட்டில் தோழி சொல்கிறாள், "இல்லுறை கடவுட்கு ஓக்குதும் பலியே" என்று. கல்யாண நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று விரல் கூப்பி வீட்டுச் சாமிக்குப் படைக்கிறார்கள். மூலை என்ற பேச்சே அதில் இல்லை. இல்லில் உறைகிற கடவுள், அவ்வளவுதான்.

கரிசல்மண்:
மூலையில் இல்லை என்றும் பாட்டில் சொல்லவில்லையே ஐயா. குறளில் "தென்புலத்தார்" என்று வருகிறது. நம்மை விட்டுப் போனவர்களுக்குத் திசை தெற்கு. தெற்குப் பக்கம் ஒரு மூலை அவர்களுக்கு இருந்தால் என்ன தப்பு?

மேலவாசல்:
தெற்கு வேறு, தென்மேற்கு வேறு. தென்கிழக்கிலும் தெற்கு இருக்கிறது, அங்கே ஏன் பெட்டியைக் கட்டவில்லை? 43-ஆம் குறள் முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றம், தான் என்று ஐந்து பேரைச் சொல்கிறது. முன்னோரும் தெய்வமும் அதில் தனித்தனி. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கி மூலையில் வைக்கிறீர்கள். திரும்பவும் சொல்கிறேன், கட்டத்தின் வலது கீழ் மூலை கன்னி.

பண்ணவாடிப் பேரன்:
பிடிமண் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தாத்தா வீட்டார் மேட்டூர் அணைக்காக ஊரை விட்டு வந்தவர்கள். அணை 1934-ல் கட்டி முடிந்தது. தண்ணீர் இறங்கினால் இன்றும் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தி தெரியும், நாங்கள் போய்ப் பார்ப்போம். ஊரை விட்டுக் கிளம்பும்போது குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்து வந்துதான் மேட்டில் புதுக் கோயில் கட்டினார்கள். வீட்டு மூலையில் மண் எடுத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிடிமண் கோயிலுக்குத்தான். வீட்டில் இருக்கிற ஆளுக்கு மண் எதற்கு? கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் போதாதா?

கரிசல்மண்:
நீங்கள் கோயிலைச் சொல்கிறீர்கள், நான் வீட்டைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் 2009-ல் எடுத்தோம். எடுத்தவன் நான். மஞ்சள் துணியில் முடிந்து, வழியில் கீழே வைக்காமல் கொண்டுவந்தேன். செய்தவர்கள் மட்டும் சொல்லச் சொன்னார், செய்தவன் சொல்கிறேன்.

மேலவாசல்:
நீங்கள் மண் எடுத்தது உங்கள் விருப்பம். ஆனால் எந்த மூலையில் எடுத்தீர்கள்? தென்மேற்கில். ஏன்? கன்னி மூலை என்ற பெயரை வைத்து. அந்தப் பெயர் ராசியிலிருந்து வந்தது. ஆக, தப்பான அர்த்தத்தை நம்பி மண் எடுத்திருக்கிறீர்கள்.

கரிசல்மண்:
என் தங்கச்சிக்காக எடுத்த மண் அது. எங்கள் வீட்டுக் கன்னி என்னோடு பிறந்தவள். தப்பா சரியா என்று நீங்கள் சொல்லாதீர்கள்.

ஏட்டுச்சுவடி:
மேலவாசல் ஐயா, கொஞ்சம் நிதானம். ஒருவர் வீட்டுத் துக்கம் இது.

மேலவாசல்:
அவர் தங்கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் வருத்தம்தான். சொல்லின் பொருளைத்தான் சொன்னேன், அதில் மாற்றம் இல்லை. காணொளிக்காரர் இதே குழப்பத்தை வைத்துத்தானே, கன்னி மூலைக்குச் சொந்தம், பெட்டியை ஆற்றில் விடு என்கிறார்? மூலை ராசி என்று புரிந்தால், பெட்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. இந்தப் பெண்ணுக்கு ஆதரவாகத்தான் பேசுகிறேன்.

பாலாற்றங்கரை:
ஆதரவாகப் பேசுகிறவர் அவரிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆச்சி வீட்டுப் பேத்தி:
அக்கா, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஆச்சி முதலில் பூப்போட்டுப் பார்த்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால் வருகிறாள் என்று அர்த்தம். முதல் நாள் சிவப்பு வந்தது. ஆச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "உன் வளையலை எடுத்து வைத்திருக்கிறேன், உன் பாவாடையை எடுத்து வைத்திருக்கிறேன், உன்னை விட்டுவிட்டுப் போவேனா" என்று உத்திரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். மறுநாள் வெள்ளை வந்தது.

அப்புறம் புதுத்துணி வைத்தோம். சாமான் எல்லாம் லாரியில் போனது, பெட்டியை மட்டும் ஏற்ற விடவில்லை. காரில் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாலம் வரும்போது, திருப்பம் வரும்போது எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், "பாலத்தில் போகிறோம் தாயி, இப்போது வலப்பக்கம் திரும்புகிறோம்" என்று. அவளுக்கு வழி தெரிய வேண்டுமாம். புது வீட்டுக்குள் முதலில் போனது பெட்டிதான். அதற்குப் பிறகுதான் பால் காய்ச்சினோம்.

பெட்டிக்காரி:
தங்கமே, இதைத்தான் நான் கேட்டேன். வழி சொல்லிக்கொண்டே போவது எனக்குத் தெரியாது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், எழுந்து உள்ளே போய்விட்டார்.

கரிசல்மண்:
நல்ல ஆச்சி. புது வீட்டில் பெட்டியைத் தென்மேற்கில்தானே கட்டினார்கள்?

ஆச்சி வீட்டுப் பேத்தி:
இல்லை அண்ணே. வாடகை வீடு, ஆணி அடிக்க விடவில்லை. சமையலறைப் பரணில் இடம் ஒதுக்கி வைத்தோம்.

மேலவாசல்:
பாருங்கள். சமையலறை பெரும்பாலும் தென்கிழக்கு, அக்னி மூலை. கட்டத்தில் மிதுனம். கன்னி மூலையில் வைக்காமலே அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கரிசல்மண்:
நன்றாக இருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை சொல்லவே இல்லை, நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். வாடகை வீட்டில் வேறு வழி இல்லாமல் வைத்தது அது. சொந்த வீடு கட்டினால் எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள்.

பண்ணவாடிப் பேரன்:
பரணில் வைத்தாலும் மண் இல்லாமல்தானே வந்தாள்?

கரிசல்மண்:
அவர்கள் மண் எடுத்தார்களா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தங்கச்சி, ஆச்சி மண் எடுத்தாரா?

மேலவாசல்:
மண்ணை விடுங்கள். கட்டத்தைப் பெரிதாக வரைந்து, திசை குறித்து, நாளைக் காலையில் இங்கே போடுகிறேன். அதைப் பார்த்த பிறகும் கன்னி மூலை கன்னித் தெய்வத்துக்குச் சொந்தம் என்பவர்கள் வந்து பேசட்டும்.

கரிசல்மண்:
போடுங்கள். நான் எங்கள் பழைய வீட்டுப் படத்தைப் போடுகிறேன். உத்திரத்தில் கயிறு கட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது, எந்த மூலை என்று நீங்களே பாருங்கள்.