பக்கத்து வீட்டுச் சராசரியும் படைவீரர் மின்கட்டணமும்

அல்லிவிழி:
திரு. கணக்கன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்கப் படைத்தள வீடுகளில் இருக்கும் குடும்பங்கள் கதவைத் திறந்துபோட்டு ஏசி ஓட்டுகிறவர்களாம். அவர்களைக் கட்டுப்படுத்த வந்த ஆற்றல் சேமிப்புத் திட்டத்தை 2019 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம் நிறுத்திவைத்தது கோழைத்தனமாம். அந்தத் திட்டம் நடந்த விதத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அளவும் வயதும் கட்டுமானமும் ஒத்த வீடுகளை ஒரு குழுவாக்கி, அந்த மாதச் சராசரியை எடுத்து, மேலும் கீழும் பத்து விழுக்காடு விட்டுவிடுவார்கள். மேல் எல்லையைத் தாண்டிய வீடு பணம் கட்ட வேண்டும். கீழ் எல்லைக்கும் குறைவாகச் செலவழித்த வீட்டுக்குப் பணம் திரும்ப வரும். குழு பிரிக்கும்போது ஆள் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. கணவனும் மனைவியும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடும் வீட்டையும், கைக்குழந்தையோடு நாள் முழுதும் ஒருத்தி இருக்கும் வீட்டையும் ஒரே தராசில் நிறுத்துவது என்ன நியாயம்?

கணக்கன்:
அம்மணி, கட்டடங்களில் ஆற்றல் தணிக்கை செய்வது என் தொழில். எவ்வளவு செலவழித்தாலும் கைப்பணம் போகாது என்றால், ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்றுதான் மனிதர்கள் நடந்துகொள்வார்கள். தளத்துக்கு வெளியே வாடகைக்கு இருக்கும் அதே பதவிக்காரர் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பணம் கட்டுகிறார். உள்ளே இருப்பவருக்கு மட்டும் ஏன் சலுகை? சராசரிக்கு மேல் பத்து விழுக்காடு என்பது தாராளமான விளிம்பு. அதையும் தாண்டுகிறவர் தன் வீட்டைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டை அல்ல. மருத்துவக் கருவிகள் தேவைப்படும் குடும்பங்கள் விலக்குக் கேட்கவும் வழி இருந்தது. அதை ஏன் மறைத்தீர்கள்?

அல்லிவிழி:
நான் எதையும் மறைக்கவில்லை. 1996இல் தொடங்கிய தனியார்மயத்துக்குப் பிறகு, ஏறத்தாழ 2 லட்சம் குடும்ப வீடுகளைத் தனியார் நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. வீரருக்கு வரும் வீட்டுப்படி வாடகையாக அந்த நிறுவனத்துக்கே போய்ச் சேருகிறது. மின்சாரம், வெப்பமூட்டல், தண்ணீர் ஆகியவற்றின் சராசரிச் செலவையும் சேர்த்துத்தான் அந்தப் படியை வகுக்கிறார்கள். படியைப் பதவி பார்த்துத் தருவதால், அடுத்தடுத்த ஒரே மாதிரி வீடுகளில் கேப்டன் ஒரு தொகையும் சார்ஜென்ட் இன்னொரு தொகையும் கொடுக்கிறார்கள். வாடகைக்குப் பதவி, மின்சாரத்துக்கு மட்டும் பொதுச் சராசரியா? இதில் சலுகை எங்கே இருக்கிறது?

உங்கள் தாராளமான பத்து விழுக்காட்டுக்கு வருகிறேன். சாதாரண வீட்டில் ஏசி காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாய்களின் ஓட்டைகளாலும் சரியாகப் பொருந்தாத இணைப்புகளாலும் மட்டும் 20 முதல் 30 விழுக்காடு காற்று வீணாகிறது என்று ஆற்றல் சிக்கனத்துக்கான அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டமே சொல்கிறது. அந்தக் குழாய்கள் பல வீடுகளில் பரணில் ஓடுகின்றன. அவற்றைச் செப்பனிடும் உரிமை குடியிருப்பவருக்குக் கிடையாது. குழாய் நிறுவனத்துடையது, ஓட்டையும் நிறுவனத்துடையது, பில் மட்டும் எங்களுடையது. எய்தவன் இருக்க அம்பை நோவது இதுதான்.

கணக்கன்:
அதற்காகத்தானே ஒரே வயதுள்ள வீடுகளைச் சேர்த்து ஒப்பிட்டார்கள்? எல்லா வீட்டுக் குழாயும் ஒன்றுபோல் ஒழுகினால் சராசரியும் அதற்கேற்ப உயரும். யாரும் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். பத்து விழுக்காடு போதும்.

அல்லிவிழி:
எல்லா வீட்டிலும் குழாய் ஒரே நாளில் ஒரே இடத்தில் கிழிகிறதா? எங்கள் தெருவில் நடந்ததைக் கேளுங்கள். ஜனவரிக் குளிரில், வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் யந்திரத்தின் வெளிப்பகுதி ஒரு வீட்டில் நின்றுபோனது. உள்ளே இருக்கும் மின்கம்பிச் சூடேற்றி தானாக வேலையை ஏற்றுக்கொண்டதால் வீடு கதகதப்பாகவே இருந்தது. பழுது யாருக்கும் தெரியவில்லை. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டு மூன்று யூனிட் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும்; கம்பிச் சூடேற்றியோ ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான் தரும். 10 கிலோவாட் கம்பி ஒரு மணி நேரம் எரிந்தால் 10 யூனிட். வெப்பநிலையைக் கூட்டாத அந்தப் பெண்ணுக்கு, எல்லை தாண்டிய பில் வந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. பழுது பார்த்த பிறகும் அந்த மாதத் தொகையைத் திரும்பத் தரவில்லை.

நெய்தல்:
நான் கணக்கன் பக்கம். கோடையில் தெர்மோஸ்டாட்டை 78 பாரன்ஹீட்டில் வைத்து, மேற்கு ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்டு, துணிகளைக் குளிர்ந்த நீரில் துவைத்து வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. எங்களுக்குத் தவறாமல் பணம் திரும்பி வந்தது. திட்டம் நின்றதோடு அதுவும் நின்றது. கவனமாக இருந்தவர்களின் இழப்பை அல்லிவிழி ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

அல்லிவிழி:
உங்கள் கவனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் பகலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லையே!

நெய்தல்:
நான் வேலைக்குப் போவதைக் குற்றமாக்கப் பார்க்கிறீர்கள். மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்தவர் என் வீட்டு நடப்பை ஏன் துருவுகிறீர்கள்?

முன்னாள் சார்ஜென்ட்:
அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களை மொழித் திறன் பார்த்துப் படையில் எடுத்த, தமிழ் தெரிந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட மேவ்னி திட்டத்தின் வழியாகப் படையில் நுழைந்தவன் நான். நீங்கள் எல்லாரும் சராசரியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். மீட்டர் சரிதானா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்த மாதம், வீட்டின் பிரேக்கர்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு, டார்ச்சோடு போய் என் வீட்டு எண் எழுதியிருந்த மீட்டரின் முன் நின்றேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது. என் பெயரில் இருந்தது பக்கத்து வீட்டு மீட்டர். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் இருப்பது உறுதியாக வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

கணக்கன்:
மீட்டர் மாறிப்போனது நிறுவனத்தின் தவறு. பத்து விழுக்காட்டு முறையின் தவறு ஆகாது. சேமித்த பணம் அந்தக் குடியிருப்புகளுக்கே செலவிடப்படும் என்பதும் திட்டத்தின் அங்கம். இங்கே முன்பு நடந்த சூரியத் தகடு விவாதத்திலும் முன்னாள் சார்ஜென்ட் இப்படித்தான் ஒரு வீட்டைக் காட்டி ஊரையே அளந்தார்.

முன்னாள் சார்ஜென்ட்:
அந்த விவாதத்தில் விடை சொல்ல முடியாமல் ஒதுங்கியவர் நீங்கள். படைத்தள வீட்டில் ஒரு கோடையாவது கழித்திருக்கிறீர்களா?

கணக்கன்:
தணிக்கை செய்ய அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. நான் போய்ப் பார்த்த வீடுகளில் 68 பாரன்ஹீட்டில் ஏசியை ஓட்டிவிட்டு, கார் கொட்டகையின் கதவைத் திறந்துவைத்து உள்ளே நின்று துணி மடித்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

அல்லிவிழி:
நான்கு வீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு லட்சம் வீட்டுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். ஒருவரின் தெருவைக் கொண்டு ஊரை அளக்கக் கூடாது என்று சற்று முன் சொன்னவரும் நீங்களே. வீண்செலவைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. முதலில் பரணில் ஏறிக் குழாய்களை அடைக்கட்டும், காப்புப் பஞ்சை நிரப்பட்டும், வெளி யந்திரங்களைச் சோதிக்கட்டும். அதன்பின் ஒவ்வொரு வீட்டின் சென்ற ஆண்டுச் செலவோடு இந்த ஆண்டுச் செலவை ஒப்பிடட்டும். என் வீட்டை என் வீட்டோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுப் பத்து விழுக்காடு என்று கோடு கிழிப்பதை எத்தனை முறை சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

கணக்கன்:
சென்ற ஆண்டு ஊதாரியாக இருந்தவருக்கு இந்த ஆண்டு பரிசு. சென்ற ஆண்டே சிக்கனமாக இருந்தவருக்குத் தண்டனை. உங்கள் யோசனையின் பலன் அதுதான். தவிர, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீரர்கள் இடம் மாறும்போது சென்ற ஆண்டு அந்த வீட்டில் இருந்தவர் யார்? பத்து விழுக்காட்டு முறையே மேல்.

நெய்தல்:
அப்படிக் கேளுங்கள். ஏற்கனவே குறைத்தவர்கள் இன்னும் எதைக் குறைப்பது?

அல்லிவிழி:
இடமாற்றம் நடக்கிறது என்பதற்காகப் பரண் குழாயும் வீரரோடு இடம் மாறுகிறதா? கிழிந்த குழாயின் செலவை யார் தலையில் கட்டுவது என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். இருவரில் ஒருவராவது நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

முன்னாள் சார்ஜென்ட்:
அதற்கு முன் என் மீட்டருக்குப் பதில் சொல்லட்டும். நான் முந்திக் கேட்டேன்.