டீசல் கார் நட்டஈட்டு வழக்கில பெயர் குடுக்கலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

ஹரோவாசி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் லண்டன் ஹரோவில இருக்கிறம். 2014இல புது டீசல் கார் ஒண்டு ஃபினான்ஸ்ல எடுத்தனாங்கள். அந்த நேரம் டீசல்தான் நல்லதெண்டு சொல்லி ரோட் டாக்ஸும் குறைவா வைச்சிருந்தவை. 2023 ஓகஸ்டில யூலெஸ் (புகை கூடின வாகனத்துக்குக் காசு வாங்கிற திட்டம்) லண்டன் முழுக்க வந்தவுடன, பழைய புகை அளவுச் சட்டமான யூரோ 5 கார் எண்டபடியால் ஓடுற நாளுக்கு 12.50 பவுண்ஸ். வந்த விலைக்கு வித்துப்போட்டம்.

இப்ப ஒவ்வொரு நாளும் போனுக்கு மெசேஜ். ஆயிரக்கணக்கில கிடைக்குமாம், வெண்டால் மட்டும்தான் கட்டணமாம், கையெழுத்து வைக்க ரெண்டு நிமிசம் காணுமாம். அந்த ரெண்டு நிமிசம்தான் எனக்குப் பயமாக் கிடக்கு. இது உண்மையான வழக்கோ? தோத்தால் எங்களிட்டைக் காசு கேப்பினமோ? வித்த காருக்கும் கேக்கலாமோ? லொக்புக் (காரின்ர பதிவுப் பத்திரம்) மனிசியின்ர பேரில, ஃபினான்ஸ் என்ர பேரில. கார்க் கம்பனியின்ர பேரை இங்க போட விரும்பேல்லை, வழக்கில இருக்கிற ஒண்டுதான்.

ஈஸ்ட்ஹாம் கராஜ்:
தம்பி, வழக்கு உண்மை. 2015 செப்டெம்பரில அமெரிக்காவில ஃபோக்ஸ்வேகன் கார்க் கம்பனி புகை டெஸ்டில ஏமாத்திப் பிடிபட்டதோட துவங்கின கதை இது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார். இப்ப நடக்கிறது மற்றக் கம்பனிகளைப் பற்றினது. அவை இன்னும் மறுக்கினம் எண்டதையும் மனசில வைச்சிருங்கோ.

முந்தி டெஸ்ட் லாபில, உருளைக்கு மேல ஏத்தி வைச்சு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஓட்டித்தான் செய்தவை. ஸ்டியரிங் திரும்பாமல் சில்லு மட்டும் சுத்தினால் இது டெஸ்ட் எண்டு காரின்ர கம்பியூட்டருக்கு விளங்கும். உடன புகையைச் சுத்தமா விடும். ரோட்டுக்கு வந்தால் அந்தச் சுத்திகரிப்பைக் குறைச்சுப்போடும். யூரோ 5 டீசலுக்கு கிலோமீற்றருக்கு 180 மில்லிகிராம் நைட்ரஜன் ஒக்சைட்தான் சட்டம், யூரோ 6க்கு 80.

வெப்பநிலையை வைச்சுச் செய்யிறதும் இருக்கு. 15 பாகைக்கும் 33 பாகைக்கும் இடையில மட்டும் சுத்திகரிப்பை முழுசா ஓட விடுற மென்பொருள் ஒண்டைப் பற்றி 2022 ஜூலையில ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. லண்டனில எத்தினை நாள் 15 பாகைக்கு மேல போகுது, யோசிச்சுப் பாருங்கோ. கம்பனிக்காரர் எஞ்சினைப் பாதுகாக்கத்தான் எண்டு சொல்லுவினம். முப்பது வருசம் எஞ்சினோட நிண்டவன் எண்ட முறையில சொல்லுறன், அதில கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் வருசத்தில பாதி நாள் பாதுகாப்பு வேணுமெண்டால் அந்த எஞ்சினை அப்பிடிச் செய்திருக்கக் கூடாது.

ரெடிங் தமிழன்:
அண்ணா, நான் வக்கீல் இல்லை. எனக்கும் இதே மெசேஜ் வந்ததால் ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன்.

லண்டன் உயர் நீதிமன்றத்தில் 2025 அக்டோபர் 13 அன்று விசாரணை தொடங்கியது. மெர்சிடிஸ், ஃபோர்டு, நிசான், ரெனோ, பெஜோ-சிட்ரோயன் என்று ஐந்து நிறுவனங்களை முன்மாதிரியாக எடுத்திருக்கிறார்கள். மொத்தமாக 16 லட்சம் பேர் வரை சேர்ந்திருக்கிறார்கள். முதலில் மோசடி மென்பொருள் இருந்ததா என்பதற்குத் தீர்ப்பு, நட்ட ஈடு எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கட்டம். அதனால் சீக்கிரம் பணம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபோக்ஸ்வேகன் வழக்கு 2022 மே மாதம் சமரசத்தில் முடிந்தபோது சுமார் 91,000 பேருக்கு 19.3 கோடி பவுண்டு. வகுத்தால் ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தான். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே கொடுத்தார்கள்.

விற்ற காருக்கும் கேட்கலாம். தீர்ப்பு வந்த பிறகு சேரலாம் என்று காத்திருப்பதில்தான் ஆபத்து. இங்கிலாந்தில் பொதுவாக ஆறு வருடக் கெடு. விஷயத்தை மறைத்திருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்து, அல்லது முயன்றால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து கணக்கு. உங்கள் கார் 2014. அந்த நாள் எது என்று எதிர்த்தரப்பு கண்டிப்பாகச் சண்டை போடும்.

கட்டணத்தைக் கவனியுங்கள். ஒருவகை ஒப்பந்தத்தில் வக்கீல் பங்கு வாட் சேர்த்து 50 சதவீதம் வரை போகலாம். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவை எந்தக் காப்பீடு கொடுக்கும், அது எதையெல்லாம் விட்டுவிடும் என்று எழுத்தில் கேளுங்கள். ஷெஃபீல்டில் சுவர் இன்சுலேஷன் வழக்குகள் நடத்திய ஒரு சட்ட நிறுவனம் 2024இல் மூழ்கியபோது, 'உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை' என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு பில் வந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்று: ஃபினான்ஸில் எடுத்ததால் கார்க்கடன் கமிஷன் விவகாரமும் (கார் விற்றவருக்குக் கடன் நிறுவனம் உங்களுக்குச் சொல்லாமல் கொடுத்த பணம்) உங்களுக்குப் பொருந்தலாம். அது வேறு, இது வேறு. அதற்கு வக்கீலே வேண்டாம், கடன் கொடுத்தவர்களுக்கு நீங்களே இலவசமாகப் புகார் எழுதலாம். மெசேஜ் அனுப்புகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

லூசியம் நேர்ஸ்:
காசு வருமோ வராதோ, சேருங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். எங்கட பக்கம் சவுத் சேர்குலர் ரோட்டுக்குக் கிட்ட இருந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா எண்ட பிள்ளை 2013இல ஆஸ்துமாவால செத்தவ. 9 வயசு. 2020 டிசம்பரில மரண விசாரணை அதிகாரி காற்று மாசும் அந்தச் சாவுக்குக் காரணம் எண்டு பதிஞ்சவர். குளிர் காலத்தில மூச்செடுக்கக் கஷ்டப்படுற பிள்ளையளை வோர்ட்டில பாக்கிறனான். லாபில மட்டும் சுத்தமா ஓடின கார் எல்லாம் இந்த ரோட்டாலதானே போனது.

ஈஸ்ட்ஹாம் கராஜ்:
பிள்ளை சொன்னது சரி. ஆனால் தம்பி, ரெண்டு இடத்தில கையெழுத்து வைச்சுப்போடாதேங்கோ. என்ர வாடிக்கையாளர் ஒராள் ஒரே காருக்கு ரெண்டு நிறுவனத்தில பேர் குடுத்து, ஒண்டில இருந்து விலக இப்ப செலவு கேக்கினம். ஒன்லைனில வைச்ச கையெழுத்தெண்டால் 14 நாளுக்குள்ள விலகலாம், அதையும் தவற விட்டிட்டார். லொக்புக் உரிமைக்குச் சாட்சி இல்லை, அதிலயே அப்பிடி எழுதியிருக்கும். ஃபினான்ஸ் ஒப்பந்தத்தில ஆற்றை பேரோ அவர்தான் கேக்கவேணும். அப்ப நீங்கள்தான்.

ஹரோவாசி:
எல்லாருக்கும் கனக்க நன்றி. மெசேஜில வந்த லிங்கை விட்டிட்டு, சொலிசிட்டர்களின்ர பதிவுப் பட்டியலில பேர் இருக்கிற ஒரு நிறுவனத்துக்கு நேர மெயில் போட்டனான். பங்கு எத்தினை வீதம், தோத்தால் ஆர் கட்டுறது, இடையில விலகினால் என்ன, அவை தாங்களே மூடினால் என்ன எண்டு நாலு கேள்வி. மூண்டுக்கு ஒழுங்கா மறுமொழி வந்திட்டுது. நாலாவதுக்கு "எங்கட ஆள் உங்களோட கதைப்பார்" எண்டு மட்டும் எழுதியிருக்கினம். எழுத்தில வேணுமெண்டு திருப்பிக் கேட்டிருக்கிறன். காப்பீட்டுப் பத்திரத்தின்ர பிரதியும் கேட்டனான். அது கைக்கு வரும்வரைக்கும் கையெழுத்து இல்லை. பழைய ஃபினான்ஸ் பேப்பர் மேல்மாடிப் பெட்டிக்குள்ள கிடந்தது, மனிசி தேடி எடுத்து வைச்சிட்டா.