டல்லாஸிலிருந்து யெல்லோஸ்டோன்: செங்குத்து இறக்கம் இல்லாத ஆர்வி வழி உண்டா?

ஃபிரிஸ்கோவாசி:
வணக்கம். ஜூன் மாதம் அப்பா அம்மா தஞ்சாவூரிலிருந்து வருகிறார்கள். அவர்களை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப்போக வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் அறுவை ஆகி எட்டு மாதம்தான் ஆகிறது. காரில் நீண்ட நேரம் காலை மடக்கி உட்கார முடியாது, கழிப்பறையும் கூடவே இருந்தால் நல்லது என்று 28 அடி ஆர்வி (படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்குப் பேசிவிட்டேன். இதுவரை நான் ஓட்டியதில் பெரியது மினிவேன்தான்.

போன வருடம் காரில் கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை வழியாகப் போனோம். 11,158 அடி உயரத்தில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கம் தாண்டியதும் 7 விழுக்காடு இறக்கம். அதில் இறங்கும்போதே எனக்குக் கை வியர்த்துவிட்டது. அதே இடத்தில் ஆர்வியோடு, அதுவும் பெற்றோரை உட்காரவைத்துக்கொண்டு இறங்க மனம் வரவில்லை. உயரமான இடம் பரவாயில்லை, சரிவுதான் பயம். கூடுதலாக ஒரு நாள் ஆனாலும் சரி. வழி சொல்லுங்கள்.

கன்சாஸ் நண்பன்:
ஐ-35, ஐ-135 பிடித்து சலைனா வாருங்கள். அங்கிருந்து யுஎஸ்-81-ல் நேராக வடக்கே போனால் நெப்ராஸ்காவில் யார்க். பிறகு ஐ-80-ல் மேற்கே திரும்பினால் வயோமிங் வரை சமவெளிதான். சுற்று அதிகம், ஆனால் மலையே கண்ணில் படாது.

லாரிக்காரர் மகன்:
தம்பி, கன்சாஸ் வழி சரிதான், ஆனால் அவ்வளவு சுற்ற வேண்டாம். யுஎஸ்-287-ல் அமரில்லோ, டூமாஸ், பாய்ஸ் சிட்டி, லாமார் வழியாகக் கொலராடோவின் லைமன் போங்கள். ஐ-25-ல் வரும் ராட்டன் கணவாய் வேண்டாம் என்று லாரிக்காரர்கள் பிடிக்கும் வழி இது. லைமனிலிருந்து 71-ஆம் எண் சாலையில் வடக்கே கிம்பால், அங்கே ஐ-80. டென்வர் நெரிசலும் மிச்சம். பெட்ரோல் மட்டும் பாதி டாங்க் ஆனதுமே போட்டுவிடுங்கள், 71-ல் ஊர்கள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும்.

வயோமிங்கில் ஷயென்னுக்கு மேற்கே ஒரு அதிசயம் இருக்கிறது. சமவெளி ஒரு நாக்கு மாதிரி நீண்டு மலை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கேங்பிளாங்க் என்பார்கள். 1860-களில் யூனியன் பசிபிக் ரயில் பாதை அதில்தான் ஏறியது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாதே! ஐ-80-ம் அதே நாக்கில் ஏறி 8,640 அடிக்குப் போகிறது. ஏறுவதே தெரியாது. கவனம் வேண்டியது அடுத்த பத்து மைல், லாரமி வரைக்கும். ஏறத்தாழ 1,500 அடி இறங்க வேண்டும். இந்த வழியில் நீங்கள் மதிக்க வேண்டிய முதல் இறக்கம் அதுதான்.

லாரமி தாண்டினால் எல்க் மவுண்டன் பக்கம் காற்று. ஆர்விக்கு இந்த வழியில் சரிவைவிட அதுவே பெரிய எதிரி. காலையிலேயே கடந்துவிடுங்கள். கிளம்பும் முன் வயோமிங்கின் 511 சாலை நிலவரத் தகவலைப் பாருங்கள், எடை குறைந்த உயரமான வண்டிகளுக்குத் தடை போட்டிருந்தால் அதில் வரும்.

ராலின்ஸ் வந்ததும் ஜிபிஎஸ் உங்களை யுஎஸ்-287-ல் லேண்டர், டூபாய்ஸ் பக்கம் திருப்பப் பார்க்கும். திரும்பாதீர்கள். 2019-ல் நான் திரும்பினேன். 9,658 அடி டோக்வோட்டி கணவாயிலிருந்து இறங்கும்போது டெட்டன் சிகரங்களைப் பார்த்துக்கொண்டே பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை. "ஏதோ கருகுது"ன்னு மனைவி ஜன்னலைத் திறந்தாள். முன் சக்கரத்தில் புகை. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் நின்றோம், பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. அப்பா ஞாபகம் வந்தது. தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டியவர், எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பார்.

நீங்கள் ராக் ஸ்பிரிங்ஸ் வரை ஐ-80-லேயே போய், யுஎஸ்-191-ல் பைன்டேல் வழியாக, பூங்காவுக்குத் தெற்கே இருக்கும் ஜாக்சன் சேருங்கள். பைன்டேல் தாண்டி ஒரு இறக்கம், பிறகு ஹோபேக் பள்ளத்தாக்கு வளைவுகள். நிதானமாகப் போனால் போதும். திரும்பும்போது ஐடஹோ பக்கம் போகலாம் என்று தோன்றினால் டெட்டன் கணவாய் மட்டும் கூடாது, அது 10 விழுக்காடு.

வண்டி ஃபோர்டு என்றால் கியர் கம்பி நுனியில் டோ-ஹால் பட்டன் இருக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே அழுத்துங்கள், எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். வேகம் 55 மைல் தொட்டால் பிரேக்கை நன்றாக அழுத்தி 45-க்குக் கொண்டுவந்து காலை முழுக்க எடுத்துவிடுங்கள். பிரேக் ஆறட்டும். வேகம் மறுபடி ஏறினால் மறுபடி அதே.

ஃபிரிஸ்கோவாசி:
அண்ணா, மிக்க நன்றி. கணவாய்ப் பெயர்களை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், வரைபடம் கேட்கிறார். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. உயரம் ஒத்துக்கொள்ளுமா?

லாரிக்காரர் மகன்:
டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள். யெல்லோஸ்டோன் ஏரியே 7,700 அடிக்கு மேல். லைமன் 5,300 சொச்சம், ஷயென் 6,000. இரண்டிலும் ஒவ்வொரு இரவு தங்கினால் உடம்பு பழகும். பூங்காவுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் இணைப்போடு கிடைப்பது ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி முகாமில் மட்டும். இன்றே பதிவு செய்துவிடுங்கள் தம்பி.