பிரேக்கிங் கெப்பாசிட்டி: ‘துண்டிப்புத் திறன்’ சரிதானா?

வணக்கம். மின் பேனல் கையேட்டு வரைவில் பிரேக்கிங் கெப்பாசிட்டியை, அதாவது பிரேக்கர் பத்திரமாகத் துண்டிக்கக்கூடிய மிகப் பெரிய மின்னோட்டத்தை, ‘துண்டிப்புத் திறன்’ என்று எழுதியிருக்கிறோம். எனக்கு உறுத்துகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன் வாட், ஆற்றல் ஜூல். ‘வலு’ என்று மாற்றினால் இலங்கையில் அதுவே வாட். இதுவோ கிலோஆம்பியரில் சொல்லும் அளவு. ‘துண்டிப்பு வரம்பு’ என்று வைத்தால் என்ன?

*

ஐயா, திறனை விடலாம், சரி. வரம்பு அதைவிட ஆபத்து. ‘துண்டிப்பு வரம்பு 10 கிலோஆம்பியர்’ என்று படிப்பவர், மின்னோட்டம் அந்த அளவைத் தொட்டால்தான் பிரேக்கர் விழும் (தானாகத் திறக்கும்) என்று நினைப்பார். விழுவது வேறு கணக்கு. சி32 எம்.சி.பி. (சி வகை, 32 ஆம்பியர் சிறு பிரேக்கர்) நொடிப்பொழுதில் விழுவது அந்த 32இன் 5 முதல் 10 மடங்குக்குள், அதாவது 160 முதல் 320 ஆம்பியரில். நாம் பேசுவது, விழும்போது உள்ளே எழும் தீப்பொறி வில்லை எவ்வளவு பெரிய பழுதோட்டம் (ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம்) வரை அணைக்கும் என்பதை. அதைத் தாண்டினால் வில் அணையாது. தொடுமுனை ஒட்டிக்கொள்ளும், அல்லது உடலே வெடிக்கும்.

கடையில் ‘32 ஆம்ப் சிங்கிள் போல்’ என்றுதான் கேட்கிறார்கள். முகப்பில் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அலகில்லாமல் அச்சிட்டிருக்கும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அது ஆம்பியர், அதுதான் நம் சொல்லுக்குரிய பொருள்.

ஒரு கணக்கு: 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 433 வோல்ட், தகட்டில் மறிப்பு (இம்பீடன்ஸ்; பழுதோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடை) 4.5%. முழுச்சுமை 667 ஆம்பியர், அதை 0.045ஆல் வகுத்தால் பழுதோட்டம் 14.8 கிலோஆம்பியர். மெயின் பேனல் பஸ்பாரில் (மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டையில்) 10000 எம்.சி.பி.யை நேராக மாட்டக்கூடாது. அங்கிருந்து 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 40 மீட்டர் போய் மாடி டி.பி.யில் (பகிர்வுப் பெட்டியில்) முடிந்தால், மும்முனைப் பழுது ஏறக்குறைய 6.5 கிலோஆம்பியராகக் குறையும். அங்கே 6000 போதாது, 10000 போதும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், விலைதான் வேறு!

என் பரிந்துரை ‘துண்டிப்புறுதி’. உறுதிக்கு வலிமை என்ற பொருளும் உண்டு, ‘இதுவரை துண்டிப்பேன்’ என்று உற்பத்தியாளர் தரும் உத்தரவாதமும் உண்டு.

*

நல்ல சொல், தம்பி. ஆனால் எம்.சி.சி.பி. (எம்.சி.பி.யைவிடப் பெரிய பிரேக்கர்) தகட்டில் ஐ.சி.யூ., ஐ.சி.எஸ். என்று இரண்டு எண் இருக்கிறதே?

*

முதலாவது ‘இறுதித் துண்டிப்புறுதி’. சோதனையில் ஒரு தடவை திறந்து, இடைவெளி விட்டு, பழுதின் மேலேயே மூடி மறுபடி திறக்க வேண்டும். அதன்பின் தன் முழு மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை, எடுத்துப் போட்டுவிடலாம். இரண்டாவதில் இந்த மூடித் திறத்தல் இன்னொரு தடவை வரும், பிறகும் சுமை தாங்க வேண்டும். அதை ‘மீள்பணித் துண்டிப்புறுதி’ எனலாம். முதலாவதின் 25, 50, 75 அல்லது 100 விழுக்காடாகச் சொல்வார்கள். மருத்துவமனை, லிஃப்ட் போன்ற இடங்களின் மெயினுக்கு 100 கேட்பதே நல்லது.

பேனல் தகட்டில் ‘50 கிலோஆம்பியர், 1 நொடி’ என்று இருப்பது வேறு. பஸ்பாரும் அதன் தாங்கிகளும் அந்த ஒரு நொடி உருகாமல், வளையாமல் நிற்கும் என்பது அது. அதற்குக் ‘குறுநேரத் தாங்குறுதி’. இதைப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் பிரேக்கர் எல்லாம் 50 என்று எடுத்துக்கொள்வதுதான் ஆய்வில் அடிக்கடி வரும் தவறு. சொல் தனியாக இருந்தால் கேள்வியும் தனியாக எழும்.

*

ஏற்கிறேன். மேக்கிங் கெப்பாசிட்டிக்கு (பழுதின் மேலேயே மூடும்போது பிரேக்கர் தாங்கும் மின்னோட்டத்துக்கு) ‘இணைப்புறுதி’ வேண்டாம். மின் இணைப்பு என்றால் நம் ஊரில் சர்வீஸ் கனெக்ஷன். ‘மூட்டுறுதி’ போடுங்கள். அது உச்ச மதிப்பு என்பதையும் அடைப்பில் எழுதிவிடுங்கள். 36 கிலோஆம்பியர் பிரேக்கருக்கு 2.1 மடங்கு, 75.6 வரும். படிப்பவர் அச்சுப்பிழை என்று நினைத்துவிடப் போகிறார்.