தொடக்கப் பள்ளிக்குக் கணினி: பணம் முழுக்கப் பெட்டிக்கே போனால் பயிற்சிக்கு என்ன செய்வது?

ஏட்டுச்சுவடி கேட்டது:

வணக்கம். ஒரு சிறிய அறக்கட்டளைக்காக நிதி கேட்கும் முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். 12 தொடக்கப் பள்ளிகள், பள்ளிக்கு 10 கணினி, கூடவே ஆசிரியர் பயிற்சி. பணம் தர முன்வந்திருக்கும் நிறுவனம் இரண்டு நிபந்தனை போடுகிறது: ஒரே தவணைதான்; பொருளுக்குத் தருவோம், மாதாமாதம் ஓடும் செலவுக்குத் தரமாட்டோம். பயிற்சிக்கு மொத்தத்தில் 5 விழுக்காடு போதும் என்பது அவர்கள் எண்ணம்.

இதில் பேரம் பேச இடம் இருக்கிறதா? எந்தத் தலைப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது? புதுக் கணினியா, அலுவலகங்கள் கழித்துவிடும் பழையதா? பாதிப் பள்ளிகளில் மின்சாரத்தை நம்ப முடியாது, இணையம் அறவே இல்லை. பயிற்சி எத்தனை நாள்? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

5 விழுக்காட்டில் ஒரு மண்டபம், ஒரு பேச்சாளர், ஒரு சான்றிதழ் கிடைக்கும். பயிற்சி கிடைக்காது.

மொத்தத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியும் துணைப் பொருள்களும் 40, மின்சாரம், மேசை, அறை 15, பயிற்சியும் பள்ளிக்கே போய்க் கைகொடுப்பதும் 25, பழுதும் மாற்றுப் பொருளும் 15, கண்காணிப்பு 5. இது என் மதிப்பீடுதான். அறை ஏற்கெனவே சரியாக இருந்தால் அந்தப் பங்கைப் பயிற்சிக்குத் தள்ளுங்கள். கணினி 50-ஐத் தாண்டினால் மட்டும் முன்மொழிவைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் 12 பள்ளிக்குப் பணம் காணாது. 5 பள்ளியாகக் குறையுங்கள். மீதி 7 பள்ளிகளை இரண்டாம் கட்டம் என்று பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். கொடுப்பவருக்கு அடுத்த ஆண்டும் வர ஒரு காரணம் இருக்கும்.

"மாதாமாதச் செலவுக்குத் தரமாட்டோம்" என்பதற்கு வழி இருக்கிறது. ஓடும் செலவில் பெரும்பகுதியை முன்கூட்டியே வாங்கிவிடலாம். விற்பவரிடம் 3 ஆண்டுக்கு, பள்ளிக்கே வந்து பழுது பார்க்கும் உத்தரவாதத்தை விலையோடு சேர்த்து ஒரே பட்டியலில் கேளுங்கள். பயிற்சியையும் இத்தனை அமர்வு, இத்தனை வகுப்பறை வருகை என்று எண்ணிக்கை போட்டு ஒரே ஒப்பந்தமாக்குங்கள். கொடுப்பவர் ஏட்டில் அது ஒருமுறைச் செலவு. ஆனால் பயிற்சியாளருக்கு நீங்கள் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். வருகைப் பதிவைப் பார்த்துப் பார்த்து விடுவியுங்கள். பழுதுக்கான 15 பங்கை இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் சொத்துப் பதிவேடு. கணினி உடைந்தால் தலைமை ஆசிரியர் கைக்காசு போட வேண்டும் என்ற பயம் இருக்கும்வரை அந்த அறை பூட்டியே கிடக்கும். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே பள்ளியோடு போடும் உடன்படிக்கையில், வழக்கமான பயன்பாட்டில் ஆகும் உடைசலுக்கு யாரிடமும் பணம் கேட்கப்படாது என்று ஒரு வரி எழுத்தில் இருக்க வேண்டும். மின்கட்டணம் யார் பொறுப்பு, சாவி யாரிடம், ஆசிரியர் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா, திருட்டுப் போனால் என்ன செய்வது, ஆயுள் முடிந்த பெட்டியை யார் கழிப்பது என்பவையும் அதிலேயே வரட்டும். பெட்டி இறங்குவதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். இறங்கிய பிறகு யாரும் அந்தத் தாளைப் படிக்கமாட்டார்கள்.

மின்வெட்டு:

பழசா புதுசா கேள்விக்கு என் ஓட்டு பழசுக்குத்தான், ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாங்கக் கூடாது. அலுவலகங்கள்ல இருந்து ஒரே மாடலா கழியுற சின்னப் பெட்டிக் கணினிகளை எடுங்க. இன்டெல்னா 8-ஆம் தலைமுறை இல்ல அதுக்குமேல, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா ஏறணும்னா அந்தத் தலைமுறையோட டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சில்லும் வேணும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. இன்னும் பழசு கைக்கு வந்தா லினக்ஸ்ங்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுடுங்க. தொடக்கப் பள்ளிக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட், ஸ்க்ராட்ச் இந்த மூணு மென்பொருளும் வருஷக்கணக்குல தாங்கும், உரிமக் கட்டணமும் இல்ல.

பத்துப் பெட்டி பத்து மாடலா தானம் வந்தா மரியாதையா மறுத்துடுங்க. ஒரே மாடல்னா ஒண்ணுல எல்லாத்தையும் அமைச்சு, குளோன்சில்லாங்கிற மென்பொருளால நகல் எடுத்து, மத்த ஒன்பதுலயும் ஒரே மாதிரி ஏத்திடலாம். ஒரு பெட்டி படுத்தா அதோட பாகத்தைக் கழட்டி இன்னொண்ணுக்குப் போடலாம். பள்ளிக்கூடத்துல சீக்கிரம் போறது கணினி இல்ல. ஹெட்போன் வயரு, மவுஸு. 10 கணினிக்கு உபரியா 5 ஹெட்போன், 3 மவுஸ், 2 கீபோர்டு, சிஆர்2032 பட்டன் பேட்டரி 5, எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு ஆரம்பத்துலயே கொடுத்துடுங்க. அந்தப் பட்டன் பேட்டரி தீர்ந்தா தேதி பின்னாடி போயிடும், உடனே இணையதளம் எல்லாம் "பாதுகாப்பில்லை"ன்னு சொல்லும். வைரஸ்னு நெனச்சுப் பெட்டியை ஓரங்கட்டிடுவாங்க.

மின்சாரக் கணக்கு: சின்னப் பெட்டி வேலை செய்யும்போது சுமார் 30 வாட், திரை 20 வாட். 10 ஜோடிக்கு 500 வாட். நாளுக்கு 4 மணி நேரம்னா 2,000 வாட்-மணி, அதாவது 2 யூனிட். சோலார்லயே ஓட்டணும்னா, 5 மணி நேர நல்ல வெயில், 30 விழுக்காடு இழப்புன்னு வச்சா 2,000 ÷ (5 × 0.7) = 571. ஆக 600 வாட் பேனல். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல இறக்கினா ஆயுள் போயிடும், அதனால 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி ரெண்டு வேணும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்னா 24 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஒண்ணு மட்டுமட்டா போதும். விலை கூட, ஆனா தண்ணி ஊத்துற வேலை இல்ல. தொடக்கப் பள்ளியில தண்ணி ஊத்த யாருக்கும் நெனப்பு வராது.

மேகமா ஒரு வாரம் இருந்தா இந்தக் கணக்கு படுத்துடும், அதையும் முன்மொழிவுலயே சொல்லிடுங்க. மின்சாரம் ரொம்ப மோசமான பள்ளிக்கு மடிக்கணினி கொடுத்துப் பாருங்க. சுமார் 15 வாட்டுல ஓடும், உள்ளேயே பேட்டரி இருக்கு, தனியா யூபிஎஸ் வேண்டாம்.

கம்பி இழுக்கும்போது எர்த் இருக்கான்னு சோதிச்சுட்டுத்தான் மத்த வேலை. எர்த் இல்லேன்னா உலோகப் பெட்டியத் தொட்டா சுர்ருன்னு இழுக்கும். ஒரு பிள்ளைக்கு இழுத்துதுன்னா அந்த அறைக்கு யாரும் வரமாட்டாங்க. 30 மில்லி ஆம்பியர்ல விழுற மின்கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம் போடுங்க. இன்வெர்ட்டர்ல இருந்து வர்ற பிளக்குக்கு வேற நிறம் கொடுத்துடுங்க, இல்லாட்டி தண்ணி சூடு பண்ற கெட்டிலை அதுல செருகிடுவாங்க.

இணையம் இல்லாட்டி கவலை வேண்டாம். ஒரு பெட்டியில கோலிப்ரிங்கிற பாட மென்பொருளைப் போட்டு வைஃபை ரவுட்டர்ல இணைச்சுட்டா, மத்தக் கணினியில உலாவி திறந்தாலே பாடங்கள் வரும். கிவிக்ஸ் போட்டா விக்கிப்பீடியாவும் இணையமில்லாம கிடைக்கும். ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கணினியை சர்வரா வைக்கிறதுன்னா மெமரி கார்டை நம்பாதீங்க, எஸ்எஸ்டி போடுங்க. எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போனா கார்டு கெட்டுப்போற வாய்ப்பு அதிகம்.

சாக்பீஸ்:

பயிற்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஐந்து நாள் தொடர் முகாம் வேண்டாம். முதல் நாள் கற்றதைப் பயன்படுத்திப் பார்க்கும் முன்பே ஐந்தாம் நாள் வந்துவிடுகிறது. கணினி பள்ளிக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் 2 முழுநாள். அதன்பின் 15 நாளுக்கு ஒருமுறை பள்ளியிலேயே 90 நிமிடம், நான்கு மாதத்துக்கு 8 அமர்வு. ஒவ்வொரு அமர்வுக்கும் முன் பயிற்சியாளர் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கு அரைநாள் என்றால் 15 நாளில் 5 பள்ளியை ஒரே பயிற்சியாளர் தாராளமாகச் சுற்றிவிடலாம். கணக்குப்பிள்ளை சொன்ன 5 பள்ளி இதற்கும் பொருந்துகிறது.

பள்ளிக்கு ஒரே ஆசிரியரை அனுப்பச் சொல்வது வழக்கம். அவருக்கு இடமாற்றம் வந்தால் திட்டமும் அவரோடு போய்விடும். குறைந்தது மூவர், அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். பயிற்சி நாளில் அவர்கள் வகுப்பை யார் பார்ப்பது என்பதற்கும் பணம் ஒதுக்குங்கள். மாற்று ஆசிரியர் செலவு முன்மொழிவுகளில் அடிக்கடி விடுபடுகிறது. விளைவு, பயிற்சிக்கு வந்தவர் மதியமே கிளம்பிவிடுவார்.

எதைக் கற்றுக்கொடுப்பது? ஆவணம் தட்டுவதையும் அட்டவணை போடுவதையும் அல்ல. அடுத்த வாரம் நடத்தப்போகும் கழித்தல் பாடத்தை அந்தக் கணினியில் எப்படி நடத்துவது என்பதை. பள்ளிக்கு லினக்ஸ் போகிறதென்றால் பயிற்சியும் லினக்ஸில்தான் நடக்க வேண்டும். பயிற்சியாளர் மவுஸைத் தன் கையில் வாங்கினால் அந்த அமர்வு வீண்.

40 பிள்ளைகள், 10 கணினி, 40 நிமிடப் பாடவேளை என்றால்: கணினிகளை முந்தைய இடைவேளையிலேயே போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கால்வாசி நேரம் அதிலேயே போகும். 20 பேர் இரண்டிரண்டாகக் கணினியில், 20 பேர் அதே பாடத்தைத் தாளில். 15 நிமிடத்தில் இடம் மாறட்டும். ஜோடியில் மவுஸ் பிடிப்பவரும் பாதியில் மாற வேண்டும். சொல்லாவிட்டால் துணிச்சலான பிள்ளையே கடைசிவரை பிடித்திருக்கும். இதை ஆசிரியர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

முன்மொழிவில் சேர்க்க ஒரு சட்டகம் வேண்டுமென்றால், ஆசிரியர்களின் தகவல் தொழில்நுட்பத் திறன்களுக்கென யுனெஸ்கோ வகுத்தது இருக்கிறது. 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 6 கூறுகள், 3 நிலைகள், மொத்தம் 18 திறன்கள். பதினெட்டையும் தொடுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் நிலையில் மூன்றோ நான்கோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வகுப்பில் எப்படிப் பார்த்து உறுதிசெய்வீர்கள் என்று எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி:

மூவருக்கும் நன்றி. 5 பள்ளி என்பதை ஒத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. ஆனால் இன்று புதிதாக ஒன்று கேட்டார்கள்: "பள்ளி குறைந்துவிட்டதே, ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்துவிடலாமே?" என்ன பதில் சொல்வது?

சாக்பீஸ்:

பெரு நாட்டைக் காட்டுங்கள். பிள்ளைக்கொரு மடிக்கணினி திட்டத்தை அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் 319 பள்ளிகளை வைத்து ஆராய்ந்து 2012-இல் முடிவு வெளியிட்டார்கள். மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி விகிதம் 1.18 ஆனது. சுமார் 15 மாதம் கழித்து மொழியிலும் கணக்கிலும் தேர்வு மதிப்பெண் அசையவில்லை. பொதுவான சிந்தனைத் திறன் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது.

அவர்கள் எதிர்வாதமாக டெல்லி ஆய்வைக் காட்டலாம். 2019-இல் வெளியானது; மைண்ட்ஸ்பார்க் மென்பொருளால் நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல உயர்வு கண்டது. அது உண்மை. ஆனால் அங்கே மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கும் ஏற்ப வினாவை மாற்றியது, பள்ளி முடிந்தபின் தனி மையத்தில் சிறு குழுவாகச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார், பிள்ளைகளும் பெரும்பாலும் 6 முதல் 9 வகுப்பு. கருவியைக் கையில் கொடுத்ததால் மட்டும் வந்த பலன் அல்ல.

மின்வெட்டு:

டேப்லெட்னா இன்னொண்ணும் சொல்லுங்க. பேட்டரி பெரும்பாலும் ஒட்டி வச்சிருக்கும், திரை உடைஞ்சா மாத்துற செலவு புது டேப்லெட் விலைக்குப் பக்கத்துல வந்துடும். 200 டேப்லெட்டை ராத்திரியில ஏத்த 200 துளை வேணும், பூட்டுற அலமாரி வேணும், காத்தோட்டம் வேணும். அப்படியும் பிடிவாதமா நின்னா, ஒரு வகுப்புக்கு மட்டும் 20 வாங்கி, உறை போட்டு, எல்லாத்துலயும் பெரிய எண் ஒட்டி, வகுப்பு மாத்தி வகுப்பு தள்ளிட்டுப் போற வண்டியில வைக்கச் சொல்லுங்க. ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த வருஷம் வரைக்கும் வரும்னு விற்பவர்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க. பதில் சொல்லத் தயங்கினா அந்த மாடல் வேண்டாம்.