தினமும் கீதை வாசித்தும் மனம் ஒருமுகப்படவில்லை, எப்படி வாசிப்பது?

கேள்வி:
தினமும் காலையில் கீதையில் ஓர் அத்தியாயம் பாராயணம். கண் வரியில் ஓடுகிறது, மனம் எங்கோ இருக்கிறது. முடித்ததும் என்ன வாசித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. வாசிப்பை விட்டுவிட்டு தியானம் மட்டும் செய்யலாமா?

பதில் 1:
விட வேண்டாம், அளவைக் குறையுங்கள். 700 சுலோகத்தையும் முடிக்கும் கணக்கில் ஓடினால் ‘இன்னும் எத்தனை பக்கம்’ என்பதிலேயே பாதி மனம் போய்விடும். 6ஆம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 47 சுலோகம்தான். ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

முதலில் வாய்விட்டு, பதம் பிரித்து வாசியுங்கள். அடுத்து பொருளோடு. பிறகு புத்தகத்தை மூடி, அதே கருத்தை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். வரவில்லை என்றால் மறுபடி அதே சுலோகம், அடுத்ததற்குத் தாவாதீர்கள். கடைசி ஐந்து நிமிடம் ஒரு சொற்றொடரோடு மட்டும் உட்காருங்கள். 25ஆம் சுலோகத்தில் ‘சனை: சனை:’, அதாவது மெல்ல மெல்ல என்று வருகிறதே, அது இதற்கு மிகப் பொருத்தம். மனம் நழுவியது தெரிந்ததும் சண்டை போடாமல் அந்தச் சொல்லுக்கே திரும்புங்கள். அடுத்த சுலோகம் கற்றுத்தருவது இதைத்தான்: நிலையில்லாத மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கிருந்து அதை மீட்டு ஆத்மாவில் நிறுத்து. மனம் ஓடும் என்பதை ஒப்புக்கொண்டுதான் கண்ணன் வழி சொல்கிறார்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் தனிச் சுலோகத்தோடு நிற்காதீர்கள். 33 முதல் 36 வரை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டிய பகுதி. மனதை அடக்குவது காற்றை அடக்குவது போலக் கடினம் என்று அர்ஜுனன் முறையிட, பயிற்சி, வைராக்கியம் (பற்றின்மை) இரண்டையும் சேர்த்தே பதிலாகத் தருகிறார் கண்ணன். நம்மில் பலர் பயிற்சியை மட்டும் பிடித்துக்கொண்டு வைராக்கியத்தை விட்டுவிடுகிறோம். வாசிக்கும்போது மனம் திரும்பத் திரும்ப எந்த விஷயத்துக்குப் போகிறது என்று கவனித்து, அதைக் குறித்து வையுங்கள். பற்று அங்கேதான் இருக்கிறது. அன்றைக்கு அதில் ஒரு சிறு பிடியையாவது தளர்த்தினால்தான் வாசித்தது வாழ்க்கையில் சேரும்.

இன்னொன்று, தூக்கமும் அலைச்சலும் வெவ்வேறு தடைகள். லயத்தில் (மனம் தூக்கத்தில் அமிழும்போது) மனதை எழுப்பு, விக்ஷேபத்தில் (அலையும்போது) அமைதிப்படுத்து என்று மாண்டூக்ய உபநிடதத்தை விளக்கும் செய்யுள் நூலான மாண்டூக்ய காரிகை பிரித்துச் சொல்கிறது. மந்தமாக இருந்தால் கண்ணைத் திறந்து சத்தமாக வாசியுங்கள். பரபரப்பாக இருந்தால் குரலையும் வேகத்தையும் தாழ்த்துங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ தூக்கம் கெட்டோ உட்கார்ந்தால் எந்த முறையும் பலிக்காது, கீதை 6ஆம் அத்தியாயத்தின் 16, 17ஆம் சுலோகங்களைப் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. கீதைக்கான உரையை எப்போது பார்ப்பது?

பதில் 1:
வேறு நேரத்தில். மனனத்தின் (வாசித்ததை மனதில் அசைபோடுவதன்) நடுவே உரையைத் திறந்தால் புத்தி அலசத் தொடங்கிவிடும், ஒருமை கலைந்துவிடும். ஏதாவது ஒரு உரையை முழுதாக முடியுங்கள். சங்கரரும் ராமானுஜரும் வேறு வேறு சித்தாந்தத்தில் நின்று பொருள் சொல்கிறவர்கள். ஆரம்பத்திலேயே இருவரையும் கலந்தால் ‘ஆத்மாவில் நிறுத்து’ என்பதற்கே எதைப் பிடிப்பது என்று குழம்பிப் போவீர்கள்.